மாதேவியின் முதுகு

குப்பை ஆட்டோ தெருமுனைக்கு வருவதற்குள் மாதேவி கண்ணாடி முன்னால் நின்றுவிடுவாள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் குழாயில் சணல் கயிறு போட்டுக் கட்டிய சின்னக் கண்ணாடி. தலை வார அல்ல. தலையை அவள் கண்ணாடி பார்க்காமலே வாரிவிடுவாள். இது கண்ணாடிக்குள் இருக்கும் தன் கண்களைத் தானே பார்ப்பதற்கு. முறைக்கிற மாதிரி இருக்கக் கூடாது, நழுவவும் கூடாது. கழுத்தை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, "ம்ம்... சொல்லுங்க" என்பாள். சற்று நேரத்தில் பார்வை வழுக்கித் தொட்டியின் பாசிக்குப் போய்விடும். அதை இழுத்துக்கொண்டு வந்து மறுபடி வைப்பாள். "ம்ம்... கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

கன்னடமும் தமிழும் கலந்து பேசும் ஈஜிபுராவில் எங்கள் கட்டடத்தின் மாடியில், ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். வீட்டுக்காரி ரத்தினம்மாள் கீழ்த்தளம், நாங்கள் நடுத்தளம். கண்ணாடிப் பேச்சைக் கேட்ட ரத்தினம்மாள் முதலில், பெண்ணுக்கு சினிமா ஆசை என்று முடிவு கட்டினார். பிறகு, மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்றார். உளவியல் படிக்கிறாள், அதற்கான பயிற்சி இது என்று தெரிந்ததும் மறுநாளே மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார்.

"சல்ப, கொஞ்சூண்டு தூக்க மாத்திரை எழுதிக் குடேம்மா. ராவெல்லாம் ஃபேனையே பாத்துக்கினு கெடக்கறேன்."

"நான் மாத்திரை குடுக்கற ஆளு இல்லீங்கம்மா. பேசறதக் கேக்கற ஆளு."

"கேக்கறதுக்கு காலேஜா? எங்க வீட்டுக்காரர் பேசறத முப்பது வருசமா நான் ஓசியிலேயே கேட்டுக்கினு இருக்கேனே. எனக்கு யாரு பட்டம் குடுத்தா?"

மாதேவி சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு என்னிடம் வந்து, "அந்தம்மா சொன்னதுல தப்பு இருக்கா இல்லியான்னே தெரியலங்கக்கா" என்றாள். அவள் குணமே அதுதான். கேலியை யாரும் கேலியாக அவளிடம் கொடுத்துவிட முடியாது.

ஓசூரைத் தாண்டி, அஞ்செட்டி மலைப்பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். வயது இருபத்து நான்கு. காலடிச் சத்தமே கேட்காது. வந்த புதிதில் படியேறி வந்து என் சமையலறை வாசலில் அவள் நிற்க, நான் திரும்பிப் பார்த்து, கையிலிருந்த ரசப் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. அன்றிலிருந்து படி ஏறும்போதே ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் வருகிறாள். சளி இல்லாத, மரியாதைக்கான இருமல். தக்காளியை உள்ளங்கையில் வைத்தே நறுக்குவாள். குக்கரில் களி கிண்டுவாள். பேருந்தில் அவள் பக்கத்தில் இருப்பவர் தூங்கி விழுந்தால் நகர மாட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறாள்.

முதுகில் எப்போதும் ஒரு பை. கல்லூரிப் பெயர் பாதி அழிந்த கறுப்புப் பை. புத்தகம், டிபன் டப்பா, குடை, தண்ணீர் பாட்டில் என்று அடைத்து, கூன் விழுந்த மாதிரி இருக்கும். சமையலறைக்கு வந்தாலும் கழற்ற மாட்டாள். இன்னொன்றும் உண்டு. எதிரில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டாள். எனக்குப் பக்கவாட்டில், மேடையில் சாய்ந்து, நான் பார்க்கிற அதே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கஷ்டமான விஷயம் என்றால் மிளகாய்த்தூள் டப்பாவைப் பார்த்துத்தான் சொல்லுவாள். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

அவள் இந்தப் படிப்புக்கு வந்த கதையை அந்த மிளகாய்த்தூள் டப்பாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். மலையடிவாரத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தபோது, நகரத்திலிருந்து ஓர் ஆலோசகர் அம்மா வந்தாராம். எல்லோரையும் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு மனிதர் வரையச் சொன்னாராம். பிள்ளைகள் எல்லாம் தாள் நிறைய மரத்தை வரைந்துவிட்டு, வீட்டை வேருக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா தாள்களைப் புரட்டப் புரட்ட முகம் வாடிப்போய், "இந்தக் குழந்தைகளுக்கு வீட்டில் பாசம் கிடைக்கவில்லையா?" என்று ஆசிரியரிடம் கேட்டாராம்.

"எங்கூர்ல மரம்தாங்கக்கா பெருசு. வீடு சின்னதுதான். பாத்தத வரைஞ்சோம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்காமல் தொடர்ந்தாள். அத்தனை தாள்களில் ஒரு பெண் மட்டும் வீட்டுக்குக் கதவு வைக்கவில்லையாம். அந்த அம்மா அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தவள் அவள்தான் என்பது பக்கத்துப் பாயில் படுத்திருந்த மாதேவிக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

"எங்க எல்லாரையும் தப்பா புரிஞ்சுகிட்ட அதே அம்மா, அவள மட்டும் எப்படிங்கக்கா கண்டுபிடிச்சாங்க? அதத் தெரிஞ்சுக்கத்தான் படிக்க வந்தேன். இன்னும் தெரியல."

கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். அதைக்கூடச் சமாளித்துவிட்டாள். அடிபட்டது நாற்காலியில்தான். வகுப்பில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் ஆலோசகர், இன்னொருவர் ஆலோசனை கேட்டு வந்தவர் என்று நடித்துக் காட்ட வேண்டும். மாதேவி நன்றாகக் கேட்கிறாள், குறுக்கே பேசுவதில்லை, ஆனால் கண்ணைப் பார்ப்பதில்லை என்று ஒவ்வொரு முறையும் குறை சொன்னார்கள். 'இவளுக்கு நம்மிடம் அக்கறை இல்லை என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றும்' என்றாள் கூடப் படிக்கும் ஒரு பெண். அக்கறை என்ற சொல் அவளைத் தைத்துவிட்டது. அப்போது வாங்கியதுதான் அந்தக் கண்ணாடி. விடாமல் பழகிப் பழகி, சென்ற பருவத்தில் நடிப்புப் பயிற்சியில் பாராட்டு வாங்கிவிட்டாள். அன்று என்னைக் கூட நேராகப் பார்த்துப் பேசினாள். எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

படிப்பின் பகுதியாகப் பக்கத்தில் அடுகோடியில் ஒரு விடுதிக்கு வாரம் இரண்டு நாள் போகிறாள். மலைக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களுக்கு, வீட்டோடு இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கற்றுக்கொடுத்து அனுப்பும் சிறிய நிறுவனம் அது. அந்தப் பெண்களோடு பேசத்தான் இவள். படித்து முடித்ததும் இதே வேலைதான் வேண்டும், மலைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று முன்பே முடிவு செய்துவிட்டாள்.

அங்கே ஒரு பெண். அவள் உண்மைப் பெயரை மாதேவி என்னிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் விதி. நான் கெம்பி என்று வைத்துக்கொள்கிறேன். பத்தொன்பது வயது. மாதேவி பிறந்த மலைக்கு அடுத்த மலை. பக்கவாதத்தில் விழுந்த ஓர் அம்மாளை மாதக்கணக்கில் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டவள். ஒரு பகலில் அந்த அம்மாள் இறந்துபோனார். உறவுக்காரர்கள் வந்து சேர்வதற்குள் வீட்டார் கெம்பியின் பையை அவள் கையில் கொடுத்து, ஆட்டோ பிடித்து விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. சம்பளமும் சரியாக வந்தது. அதற்குப் பிறகு கெம்பி பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். நடுராத்திரியில் எழுந்து, யாரும் இல்லாத கட்டிலருகில் போய் நிற்பாள்.

மாதேவி விடுதியின் பேச்சறையில் அவளை எதிரே உட்கார வைத்து, பழகிய பார்வையால் பார்த்து, பழகிய விதத்தில் தலை சாய்த்து, பழகிய சொற்களைச் சொன்னாள். கெம்பி தரையின் மொசைக் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் செருப்பு அறுந்துவிட்டது என்று வார்டன் சொல்ல, மாதேவி அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுகோடி நடைபாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் லேத் பட்டறைக்காரர்கள் இறக்கி வைத்த இரும்பு, மறுபக்கம் நிறுத்திய வண்டிகள், நடுவில் ஆடுகிற கல் பலகை. இருவர் சேர்ந்து நடக்க முடியாது. மாதேவி முன்னால் போக, கெம்பி பின்னால் வந்தாள்.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "இந்த நாயிக்கு ஒரு காது இல்ல, அக்கா."

மாதேவி அப்படியே நடந்துகொண்டே "ம்" என்றாள். வெல்டிங் வாசனை பிடிக்கவில்லை என்றது குரல். தம்பிக்கு மீசை வந்திருக்கும் என்றது. செருப்புக் கடை வந்ததும் நின்றுவிட்டது. திரும்பும் வழியில் மறுபடி தொடங்கியது.

அன்று மாலை இருமக் கூட மறந்து என் சமையலறைக்குள் வந்துவிட்டாள் மாதேவி. மிளகாய்த்தூள் டப்பாவைப் பார்த்துப் படபடவென்று சொன்னாள். ஒரு பெண் பேசிவிட்டாள், முதுகைப் பார்த்துப் பேசிவிட்டாள். அவர்கள் ஊரில் காட்டுப்பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடப்பது. கிழங்குக்குப் போனாலும் தேனுக்குப் போனாலும் பேச்செல்லாம் அந்த வரிசையில்தான். கல்யாணப் பேச்சு, சண்டை, செத்தவர்களைப் பற்றிய பேச்சு எல்லாமே முன்னால் போகிறவர் முதுகிடம். முன்னால் போகிறவர் "ம்" போட்டுக்கொண்டே போவார். முகம் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அங்கே சொல்லிவிடலாம்.

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளிலும் ஸ்கூட்டரின் பின் இருக்கையிலிருந்துதான் எத்தனையோ முக்கியமான விஷயங்கள் சொல்லப்படுகின்றன. அதை அவளிடம் சொன்னேன். "ஆமாங்கக்கா" என்றவள் உடனே குழம்பிப்போனாள். "அப்ப இது எங்க ஊருப் பழக்கம் இல்லியா? எல்லாருக்கும் இருக்கா?"

சில வாரங்கள் அப்படிப் போயின. பேச்சறைக்குப் பதில் நடை. பால் பாக்கெட் வாங்க, பழம் வாங்க, ஒன்றும் வாங்காமல். பிறகு ஒருநாள், பேக்கரி வாசலைத் தாண்டும்போது, பின்னாலிருந்த குரல் தணிந்தது.

"அந்தம்மா போன அன்னிக்கு, அக்கா, நான்..."

மாதேவி திரும்பினாள்.

ஏன் திரும்பினோம் என்று இன்றுவரை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை மாதக் கண்ணாடிப் பழக்கம். முக்கியமான சொல் வரும்போது முகம் காட்ட வேண்டும் என்று வகுப்பில் ஊறிய பாடம். நின்று, முழுதாகத் திரும்பி, கழுத்தைச் சாய்த்து, கண்ணைப் பார்த்து, "ம்ம்... சொல்லு" என்றிருக்கிறாள். கெம்பியும் நின்றாள். முகம் மூடிக்கொண்டது. அத்தோடு சரி.

"எங்கூர்ல முன்னாடி போறவங்க எப்பங்கக்கா நின்னு திரும்புவாங்க? ஆனை இருந்தாத்தான். திரும்பினா, 'சத்தம் போடாத, அசையாத'ன்னு அர்த்தம். சின்னப் பிள்ளையில இருந்து தெரியும் எனக்கு. தெரிஞ்சும் திரும்பிட்டேன்."

அவளுடைய மேற்பார்வையாளர் மமதா மேடம் நல்ல மாதிரி. கோபப்படவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் இவளை இன்னும் குழப்பிவிட்டன. தெருவில் பேசினால் யார் வேண்டுமானாலும் கேட்கலாமே, அந்தப் பெண்ணின் ரகசியத்துக்கு யார் காவல்? பின்னால் அவள் அழுதால் உனக்கு எப்படித் தெரியும்? கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் முதுகைக் காட்டி நடப்பது உங்கள் எல்லோருடைய பழக்கமா, இல்லை உன் வீட்டுப் பழக்கமா? அடுத்த மலைப் பெண்ணுக்கும் அதுதான் என்று எப்படி முடிவு செய்தாய்?

அது நியாயமான கேள்வி என்று மாதேவிக்குப் பட்டது. ஊருக்குப் போன் போட்டாள். அவள் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். "பாதை ஒத்தையடி, வேற எப்படிடி நடக்கறது? தோள்மேல ஏறியா?" என்றிருக்கிறார். ஆனை விஷயம்? "அது ஆனை இருந்தா. பட்டணத்துல ஏது ஆனை?" போனை வைத்துவிட்டு, தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டாள். பழக்கம் என்று தான் நினைத்தது வெறும் பாதையின் அகலமா, அகலம்தான் பழக்கமாகிவிட்டதா, கெம்பி வாயடைத்தது ஆனையாலா அல்லது வேறு எதனாலோ, ஒன்றும் விளங்கவில்லை.

"நான் அங்க பண்ணினது கவுன்சிலிங்கா, சும்மா நடந்ததா? கவுன்சிலிங்னா திரும்பினது சரி. நடந்ததுன்னா தப்பு. ரெண்டுல எதுங்கக்கா?"

தோசை ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

இதற்குள் விடுதியில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. வார்டன் ஐரின் இதே நகரத்து ஜீவனஹள்ளிக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். சாப்பிடாத பெண்ணுக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "பாரும்மா, நான் வார்டன், மேஜிக் தெரியாது எனக்கு. ஞாயித்துக்கிழமை பஸ்ஸு ஏத்தி ஊருக்கு அனுப்பிடறேன். இருக்கணும்னா அது வாயால இருக்கணும்னு சொல்லட்டும், வெச்சுக்கறேன். போகணும்னா போகணும்னு சொல்லட்டும், நானே கொண்டுபோய் விடறேன். ஊமையா நின்னா நான் என்னான்னு எடுத்துக்கறது?" என்றாராம். மாதேவிக்கு அதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. மமதா மேடமும் அதையே வேறு மாதிரி சொன்னார்: அவளுக்காக நாம் முடிவு செய்யக் கூடாது. அவள் சொன்னால்தான் உண்டு.

சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் கண்ணாடி இருந்தது. முன்னால் மாதேவி இல்லை. அறைக்குள் களி கிண்டும் சத்தம் கேட்டது. ஐரினிடம் கெஞ்சிக் கேட்டு, அந்தப் பெண்ணை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டி வரப்போகிறாளாம். இது விதிப்படி சரியா என்று மமதா மேடத்தைக் கேட்டாளா என்றேன். கேட்டாளாம். "சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. சாயந்தரம் போன் பண்ணி என்ன ஆச்சுன்னு சொல்லுன்னாங்க."

ஒல்லியான பெண். புதுச் செருப்பைப் படிக்கட்டின் கீழேயே விட்டுவிட்டு, மாதேவியைப் போலவே சத்தமில்லாமல் ஏறினாள். ரத்தினம்மாள் வழி மறித்து, "இன்னாம்மா, நீயும் டாக்டரா?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் சுவரோரம் ஒதுங்கி மேலே ஏறினாள். அறைக்குள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீரைக் குழம்பு கொடுக்கப் போனபோது பார்த்தேன். மாதேவி ஒன்றும் கேட்கவில்லை. கெம்பி பாதிக் களியை உருட்டி வைத்திருந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

நான் துணி எடுக்க மாடிக்குப் போனேன். துணி இன்னும் காய்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் அப்போது குழாய் பதிக்க நீளமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண் மேடு, நடுவில் ஓரடிப் பாதை. மாதேவி முன்னால் போனாள், முதுகில் கறுப்புப் பை. நாலு எட்டு தள்ளி, தலை குனிந்து கெம்பி. இஸ்திரி வண்டி வரைக்கும் அப்படியே போனார்கள். அதைத் தாண்டியதும் கெம்பியின் தலை நிமிர்ந்தது. வாய் அசைந்தது.

மாடிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் மாதேவியின் தோள்கள் இறுகியதைப் பார்த்தேன். நடை ஒரு கணம் தயங்கியது. கழுத்து லேசாக வலப்பக்கம் அசைந்தது. கன்னத்தின் ஓரம் தெரிந்தது. நான் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

கழுத்து அங்கேயே நின்று, பழையபடி முன்னால் திரும்பியது. பிறகு அவள் நடையை விடாமலே ஒரு தோளிலிருந்து பட்டையை உருவினாள், அடுத்த தோளிலிருந்தும் உருவினாள். அந்தக் கனத்த பையை முன்பக்கம் கொண்டுவந்து குழந்தையைப் போல மார்பில் மாட்டிக்கொண்டாள். வியர்வையில் ரவிக்கை ஒட்டிய முதுகை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, தெருமுனை வரை திரும்பாமல் நடந்தாள்.